இறுகிய நட்டு

குரங்கு விரட்ட வாங்கிய எயார் துவக்கு.
கேட்குமுன்னே பெர்மிட்டை நீட்டினார்
மல்வத்தைக் கந்தப்போடி.

சைக்கிள் டியூப் சுற்றி
வைஸில் குழலைக் கவ்வவிட்டேன்.
இரவு முழுக்க மண்ணெண்ணெய் குடித்துவிட்டு
விடிந்ததும் நோன்பு பிடித்தது நட்டு.
ஸ்பானரில் பைப்புத் துண்டு, பைப்பில் நான்,
என்மேல் மச்சான் பஸ்லி.
ம்ஹூம்.

ஜெஸீமா தேத்தண்ணிக் கேத்தலோடு வந்தாள்.
கொதிநீரை அதன் தலையில் ஊற்றினாள்.
"இப்பத் திருப்புங்க."

டக்!
சம்மாந்துறை முழுக்கக் கேட்டிருக்கும்.
பஸ்லி சிரித்தான்.
கந்தப்போடியைக் காணோம்.

மேசைக்குக் கீழே
இரு கையாலும் தலையைப் பொத்திக் கிடந்தார்.

பிறகு எழும்பினார், சாரத்தைத் தட்டினார்.
"எவ்வளவு தரோணும்?"

துடைத்த நட்டையே துடைத்துக்கொண்டிருந்தேன்.
ஜெஸீமா
மறுபடி தண்ணீர் வைத்தாள், தேத்தண்ணிக்கு.