பதினாலு பவுன்

பாளையங்கோட்டையில் கூட்டுறவு வங்கி ஒன்றில்
இருபத்திரண்டு வருஷமாய் நகை உரசுகிறவன் நான்.
எடை பார்க்காமல் எனக்குப் பொழுது விடியாது.

கூண்டின் துண்டை விலக்கிவிட்டு
தராசுத் தட்டில் ஒரு சூரியகாந்தி விதை வைக்கிறேன்.
ஒன்றுதான். கூடினால் ஈரலில் கொழுப்பு.
தத்தி ஏறி, அதைக் கொறித்து முடிக்கிறவரை
அசையாமல் நிற்கும்.
நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
பதினாலு பவுன்.
கல் கழிவில்லை, அரக்கில்லை.

நெஞ்சு மஞ்சள், முகம் தணல், இறக்கையோரம் பச்சை.
கான்யூர் என்று சொன்னால்
'கண்ணூரா? கேரளாக் கிளியா அண்ணாச்சி?' என்கிறது தெரு.

எதிர்வீட்டு ஜெபத்துரை தந்துவிட்டுப் போனது.
'ரெண்டே மாசம். மஸ்கட்ல கால் ஊணிட்டு
வந்து எடுத்துக்கிடுதேன்.'
ரசீது போடவில்லை.
மூன்று ஆனித் தேர் ஓடிவிட்டது.

வந்த புதிதில் என் கட்டைவிரலைக்
கடித்துக் கடித்துத் தரம் பார்த்தது.
நான்ஸ்டிக் கல் காய்ந்தால் வரும் புகை
நமக்குத் தெரியாது, அதற்கு மூச்சு நின்றுவிடும்.
'மூவாயிரம் ரூவாக் கல்லு' என்று முனகிக்கொண்டே
பரணில் ஏற்றினாள் பேச்சியம்மாள்.
இரும்புக் கல்லில் முதல் நாலு தோசை பிய்ந்தது.
சித்திரையிலும் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான்
கூண்டைத் திறக்கிறோம்.
அது பறக்கும். நாங்கள் வியர்ப்போம்.

இறகு உதிர்ந்து முளைக்கும் மாதங்களில்
உச்சந்தலையில் முள்முள்ளாய்க் குருத்து.
தன் அலகு எட்டாத இடம்.
ஜோடி இருந்தால் கோதிவிடும்.
இல்லாததால், மூன்று தடவை சோப்புப் போட்டும்
அமிலக்கறை போகாத என் நகம்.
உறையை மட்டும் உதிர்க்கவேண்டும், அழுத்தினால் ரத்தம்.
கண்ணை மூடிக்கொண்டு
தலையை இன்னும் சாய்த்துத் தருகிறது.

போன ஐப்பசியில், மழை விடாத ஒரு காலை
நூற்று நாலு.
மறுபடி வைத்தேன். நூற்று நாலு.
ஒரு பவுன் எங்கே போச்சு?
பார்வைக்கு ஒன்றுமில்லை, கத்துகிறது, ஊஞ்சல் ஆடுகிறது.
'சீக்கை மறைச்சுத்தான் வச்சுக்கிடும், எடைதான் காட்டிக்கொடுக்கும்'
என்றார் ராமையன்பட்டி டாக்டரம்மா.
வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு கிடா, ஒரு கன்றுக்குட்டி.
கிடாக்காரர் துண்டுக்குள் எட்டிப் பார்த்து
'பழம்னுல்லா நெனச்சேன்' என்றார்.

ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பாய்க் கூழ்,
மூன்று மணிக்கொரு தரம்.
லீவுக் கடிதத்தில் எழுதினேன்:
குடும்பத்தில் ஒருவருக்குச் சுகமில்லை.
மேனேஜர் யாருக்கென்று கேட்கவில்லை.
நூற்று ஆறு. நூற்று ஒன்பது.
பிறகு ஒரு வாரம் நூற்றுப் பத்திலேயே நின்றது.
பேச்சியம்மாள் காரட்டைத் துருவிக்கொண்டே
'இன்னைக்கு எவ்வளவு?' என்பாள், அடுப்படியிலிருந்து.

வங்கியில், மீட்காத நகைக்கு
முதல் நோட்டீஸ், இரண்டாம் நோட்டீஸ், ஏலம்.
இந்தக் கணக்கில்
நான் எவருக்கும் நோட்டீஸ் விடவில்லை.
அவனாக வந்து கேட்டால் என்ன சொல்வது,
வட்டி எப்படிப் போடுவது
என்று சில ராத்திரி யோசித்திருக்கிறேன்.

என் செல்போன் மணியை அப்படியே படித்துக்கொண்டுவிட்டது.
ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஏமாந்து ஓடுகிறேன்.

நேற்று துண்டு போட்டு மூடி, விளக்கணைத்த பிறகு
மணி அடித்தது.
'மஸ்கட்டா இருக்கும், எடுங்க' என்றாள்.
'கிளிதான்' என்றேன்.

கூண்டில் சத்தமே இல்லை.
மேசைமேல் போன்
வெளிச்சத்தோடு நடுங்கி நடுங்கி
ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது.