ஏழு மணி என்பது

லிமாவில் ஆகஸ்ட் தூறல்.
சமையல் மேசையில் முப்பது அட்டைகள்.
மாலை ஏழு மணிக்கு என்று எழுதினால்
எங்கள் ஊரில் அதற்குப் பொருள்
ஏழு மணிக்குக் குளிக்கப் போகலாம்.

'சரியாக' என்று சேர்த்துப் பார்த்தேன்.
அடியில் கோடும் போட்டேன்.
சரியாக ஏழு என்றால்
எட்டரைக்கு வந்து மன்னிப்புக் கேட்பார்கள்,
அவ்வளவுதான் வித்தியாசம்.
'ஏழேகாலுக்குக் கதவு சாத்தப்படும்.'
சிரிப்பார்கள்.
தாழ்ப்பாள் கழன்று ஒரு வருஷம் ஆகிறது.

அபெலார்தோவுக்கு அறுபது வயது.
பணிமனையில் பேருந்தை விட்டுவிட்டு
எட்டுக்கு வந்துவிடுவான்.
அதற்குள் விளக்கணைத்து
எல்லோரும் இருட்டில் நிற்க வேண்டும்.
என் வாழ்க்கையில் நேரத்துக்கு வருகிறவன்
அவன் ஒருவன்தான்.
அதுதான் சிக்கல்.

ஆளுக்கொரு மணி எழுதினேன்.
தங்கை எதெல்மீராவுக்கு நாலு
(அவள் கல்யாணத்தில் பாதிரியார் தூங்கிப்போனார்).
கொழுந்தன் தெயோஃபிலோவுக்கு ஐந்தரை.
மருந்துக்கடை ஒஃபேலியாவுக்கு ஆறு, ஆறேகால்,
அடித்துவிட்டு மறுபடி ஆறு.
எதிர்வீட்டு ஹெர்மெலிந்தாவுக்கு மட்டும்
உள்ளதை உள்ளபடி.
எழுதி முடித்துப் பார்த்தால்
யாருக்காக எவ்வளவு நேரம்
வாசலில் நின்றிருக்கிறேன் என்ற கணக்கு
நீல மையில் கிடந்தது.

ஞாயிறு பூசை முடிந்து
தேவாலயப் படிக்கட்டில்
அட்டைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.
"எனக்கு நாலு, அவளுக்கு ஏழா?"
அச்சுப்பிழை என்றேன்,
கையால் எழுதிய அட்டைக்கு.

சனிக்கிழமை
நாலடிக்க மூன்று நிமிஷம் இருக்கையில்
எதெல்மீரா.
தலையில் சுருள் கிளிப்புகளோடு கதவைத் திறந்தேன்.
பேசவில்லை. கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினாள்.
பின்னாலேயே தெயோஃபிலோ, ஒஃபேலியா,
ஐந்துக்குள் வீடு நிறைந்துவிட்டது.
மடியில் கைவைத்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்
நீதிபதிகள் மாதிரி.
எல்லோர் கையிலும் ஆளுக்கொரு
உருளைக்கிழங்கைக் கொடுத்தேன், உரிக்க.

எட்டுக்கு விளக்கணைத்தோம்.
எட்டேகால்.
எட்டரை.
இருட்டில் யாரோ கேக்கைத் தொட்டார்கள்.
ஒன்பது.
முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் முறை.
என் கை சில்லிட்டுவிட்டது.

ஒன்பதரைக்குக் கதவு.
கத்தினோம்.
நெஞ்சில் கைவைத்துத் திடுக்கிட்டான்,
தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.
சட்டைத் தோள் ரெண்டும் நனைந்திருந்தன.

எல்லோரும் போனபின்
பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னான்:
"பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.
உன் ஆட்களை எனக்குத் தெரியாதா?
எப்படியும் ஒன்பதரை ஆகும் என்று."