வரிக்கு முப்பத்தேழு எழுத்து

நெரிஸ் ப்ராசரின் வேலை
அழுகைக்குப் பெயர் வைப்பது.
ஸ்வான்சீயில், சலவைக்கடைக்கு மேல் மாடியில்,
காதில் ஹெட்ஃபோன், மேசையில் ஆறிய தேநீர்.
கீழே இயந்திரம் சுழலும்போதெல்லாம்
அந்தத் தேநீரில் வட்டம் வட்டமாக ஒரு நடுக்கம்.

காது கேளாதவர்களுக்காக
நாடகத்தின் ஓசைகளைத்
திரையின் அடியில் எழுதிப்போட வேண்டும்.
கதவு கிறீச்சிடுகிறது.
தொலைவில் நாய் குரைக்கிறது.
இதெல்லாம் சுலபம்.
யாராவது அழுதால்தான் விரல் நின்றுவிடும்.

வரிக்கு முப்பத்தேழு எழுத்து, இரண்டு நொடி.
கட்டுக்கடங்காமல் தேம்புகிறாள் என்றால்
பாதி வரி போயிற்று.

ஆங்கிலம் தாராளமாகத்தான் கொடுத்திருக்கிறது.
அதில் ஒருவர் கண்ணீருக்குள்ளேயே வெடிக்கலாம்.
பழைய லாரி மாதிரி
நடுவழியில் பழுதாகி நிற்கலாம்.
கண்ணீரோடு மல்லுக்கட்டலாம்.
வந்ததைத் தொண்டையில் நெரித்துத் திருப்பி அனுப்பலாம்.
கிணறு போல் ஊறி
விளிம்பு வரை வந்து
வழியாமலே இருக்கலாம்.
கண் இரண்டும் வெளியே வந்து விழும்வரை அழலாம்.
அழுதழுதே, பஸ் ஏறிப் போவதுபோல,
தூக்கத்துக்குப் போய்ச் சேரலாம்.
‘ஒரு நல்ல அழுகை’ கூட உண்டு.
நல்ல சாப்பாடு சரி, அதென்ன நல்ல அழுகை
என்று மேலாளர் ஐஃபோரிடம் கேட்டாள்.
“எழுத்து மிச்சம்” என்றார்.

எந்தச் சொல் எதோடு சேரும் என்று
சட்டம் ஏதும் இல்லை.
மீறினால் மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.
மௌனமாக அழலாம், மௌனமாக ஊளையிட முடியாது.
கசப்பாக அழுதவர்கள் ஆயிரம் பேர்;
புளிப்பாக அழுதவர் இதுவரை இல்லை.

போன மாதம் ஒரு கடிதம் வந்தது, கையெழுத்தில்.
மெர்த்தரிலிருந்து எம்ரிஸ் பௌவன்,
பிறவியிலேயே காது கேளாதவர்.

“அம்மணி,
புதன்கிழமைத் தொடரில் அந்த விதவை
பதினொரு முறை தேம்பினாள்.
பதினொரு முறையும் முகம் வேறு.
தேம்பல் ஒன்றுதானா?
இன்னொன்று.
என் தம்பியை அடக்கம் செய்த அன்று
அவன் மனைவி கைப்பையின் வாரை
முறுக்கிக்கொண்டே நின்றாள்.
வாய் மூடியிருந்தது.
கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் ஏறி இறங்கியது.
அங்கே என் கண்ணுக்குக் கீழே
வரி எதுவும் ஓடவில்லை.
அது எந்தச் சொல்?
தெரிந்தால் எழுதுங்கள்.
அவளிடம் போய்க் கேட்க முடியாது.”

நெரிஸ் கடிதத்தைக் கோப்பைக்கு அடியில் வைத்தாள்.
கோப்பை அதில் ஒரு பழுப்பு வளையம் போட்டது.
நான்கு பதில் எழுதி நான்கையும் கிழித்தாள்.

ஒரு சனிக்கிழமை
ஹெட்ஃபோனைக் கழற்றிவைத்துவிட்டு
அதே விதவையை ஓடவிட்டாள்.
ஒன்பது வருடமாகக் காதால் பார்த்தவள்
அன்றுதான் கண்ணால் பார்த்தாள்:
மூன்றாவது தேம்பலில் அவள் பார்வை
அடுப்பில் பொங்கும் பாலின் மேல் இருந்தது.
ஏழாவதில் மோதிரம் இருந்த விரலை
மற்றக் கையால் மூடிக்கொண்டாள்.
பத்தாவதில் கிட்டத்தட்டச் சிரித்தாள்.

திங்களன்று தபாலில் போட்டாள்:

“ஐயா,
பதினொன்றும் ஒன்றல்ல. தவறு என்னுடையது.
உங்கள் தம்பி மனைவியைப் பற்றி:
வாய் மூடியிருந்தது என்கிறீர்கள்.
அப்படியானால் ஓசை இருந்திருக்காது.
அன்று அங்கே நின்ற எவருக்கும்
எதுவும் கேட்டிருக்காது.
நரம்பைப் பார்த்தது
நீங்கள் ஒருவர்தானோ என்னவோ.
சொல் என்னிடம் இல்லை.”

அன்று மாலை வேறொரு தொடர்,
மருத்துவமனை நடைபாதை,
காபி இயந்திரத்தின் முன்னால் ஒரு தகப்பன்.
விசும்புகிறார் என்று அடித்தாள்.
அழித்தாள்.
விம்முகிறார்.
அழித்தாள்.
காசு உள்ளே விழுகிறது
என்று மட்டும் விட்டுவைத்தாள்.

மறுநாள் ஐஃபோர் தொலைபேசியில்:
“நாற்பத்தோராவது நிமிடத்தில்
ஏதோ விட்டுப்போயிருக்கிறதே?”

கீழே யாருடைய துணியோ
சுற்றிக்கொண்டிருந்தது.
“பாருங்கள்” என்றாள் நெரிஸ்,
“அவர் முகத்தைப் பாருங்கள்.”