இருபத்துநாலு சதுர அடி

டச்பார் வீதியில் கடலுக்கு இரண்டாவது வீடு.
ஐந்து வருஷத்துக்கு உத்தரவாதம்
எழுத்தில் வேண்டுமென்றார் ரொசலின் மிஸ்.
வெளிச்சுவரைத் தடவிப் பார்த்தேன்.
உப்பு, மாவாய்க் கைரேகைக்குள் ஏறியது.
கிழக்குச் சுவருக்கு மட்டும்
கடலிடம் ஒரு கையெழுத்து வாங்கித் தாங்க மிஸ் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
மூன்று வருஷமென்று முடிந்தது.

முதல் நாலு நாளும் நிறத்துக்கு வேலையே இல்லை.
சுரண்டல்தான்.
தகடு பட்ட இடமெல்லாம் பழைய மஞ்சள்
அப்பளமாய் எழும்பி விழுந்தது.
சுதாஹரன் மூக்கில் துவாயைக் கட்டிக்கொண்டு
சேண்ட் பேப்பர் தேய்த்தான்.
இமை மயிரும் வெள்ளை.
வீதியால் போன பிள்ளையொன்று
அவனைக் கண்டு அழுதது.

நிறத்தைத் தெரிந்தவர் பேர்த்திலிருக்கும் தம்பி,
வீடியோ கோலில், அங்கே இரவு.
அந்தப் படத்தைக் காத்தான்குடிக்குக் கொண்டுபோய்க்
கடை றஸ்மியிடம் நீட்டினேன்.
"போன்ல தெரியிற நிறத்த
போன்லதான் அடிக்கேலும்" என்றான்.
பிறகு மெஷினில் மூன்று தரம் கலந்து
மூன்றையும் என் முழங்கையில் பூசி
வெயிலில் நிற்கச் சொன்னான்.

ஆறாம் நாள் படுக்கையறை.
தேக்கு அலுமாரி.
நாங்கள் இரண்டு பேரும் தள்ள அது அசையவில்லை.
வீதியில் மீன் கூவிக்கொண்டு போன பிலிப்பையும்
பக்கத்து வீட்டு ட்ரைவரையும் கூப்பிட்டு
ஒரு மூச்சில் கிறுக்கி எடுத்தோம்.

பின்னால் பச்சை.
வெளிறிய ஆஸ்பத்திரிப் பச்சை,
நாலடி அகலம், ஆறடி உயரம்.
சுற்றிவர மஞ்சளின் விளிம்பு
அலுமாரியின் தோள்களை அளந்து நின்றது.

அந்த விளிம்பை எனக்குத் தெரியும்.
கோடு முடிகிற இடத்தில்
மணிக்கட்டை இடப்பக்கம் சுழித்துப்
பிரஷை எடுக்கிறவன்
இந்த ஊரில் நான் ஒருத்தன்தான்.

பதினொரு வருஷம்.
அது நத்தார் மாதம், கையில் மூன்று வீடு,
வேலைப் பொடியன் அட்வான்ஸோடு போய்விட்டான்,
மழை வேறு.
அலுமாரிக்குப் பின்னால் ஆர் பார்க்கப் போகிறார்கள்.
பில்லில் முழுச் சுவரையும்தான் எழுதினேன்.

"ஆரு செஞ்ச வேல இது?"
மிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"ஆரோ ஒருத்தன் மிஸ்."
"கோட்ட மட்டும் நேராப் பிடிச்சிருக்கான்."
பிலிப் சிரித்தான். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

மறுகா சுதாஹரனை
ஆணி வாங்கவென்று கடைக்கு அனுப்பினேன்.
ஆணி தேவையிருக்கவில்லை.
பச்சையைத் தேய்த்தேன், துடைத்தேன்,
வெடிப்புக்குப் பில்லர் வைத்தேன், பிரைமர் இட்டேன்.
மற்றச் சுவர்களுக்கு இரண்டு பூச்சு,
இதற்கு மூன்று.
மூன்றாவது காய்ந்த பிறகும்
பின்னேர வெளிச்சம் சரிவாய் விழுகையில்
அலுமாரியின் தோள் அங்கே நிற்பதுபோல் இருந்தது.
சுதாஹரனைக் கேட்டேன்.
ஒன்றும் தெரியவில்லை என்றான்.
திரும்பவும் கேட்டேன்.

கணக்கை அன்றிரவு
நிற அட்டையின் பின்பக்கம் எழுதினேன்.
கடைசி வரி:
கழிவு, இருபத்துநாலு சதுர அடி.
பழைய விலையிலா புது விலையிலா என்று
பேனையைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டுப்
புது விலையிலேயே கழித்தேன்.

மிஸ் அந்த வரியில் விரலை வைத்தார்.
"இது என்ன?"
"அலுமாரிக்குப் பின்னால மிஸ்."
"அங்க அடிச்சீங்கதானே?"
"ஓம். அடிச்சன்."

என் கையைப் பார்த்தார், மணிக்கட்டை.
அல்லது அதிலிருந்த பெயின்டை.
காசை இரண்டு தரம் எண்ணித் தந்தார்.
"அலுமாரிய இனி அங்க வைக்க வேணாம்.
யன்னல் பக்கத்துச் சுவரோட வைங்க."

பிலிப்பைத் திரும்பவும் கூப்பிட வேண்டியிருந்தது.
அவன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி
வாசலில் ஒழுகியது.
நாலு பேரும் தூக்கி
யன்னலோரச் சுவரை அலுமாரியால் மறைத்தோம்.

அந்தச் சுவரையும் முழுதாய்த்தான் அடித்திருந்தேன்.
ஒருவரும் கேட்கவில்லை.