அதிகார வரம்பு

பதினேழாம் பெட்டியில் இருக்கிறார்
லெமுவேல் கிரிண்டல், வழக்கறிஞர், ஒஹாயோ.
மத்ராவில், மீன் சந்தைக்குப் பின்புறம், இரண்டாம் மாடியில்
அவரைத் தாள் தாளாக ஸ்கேன் செய்கிறேன்.
தாளுக்கு ஏழு பைசா, ஒமான் பைசா.
கையுறை என் செலவு.

முதல் கோப்பில் அவருக்கு இருபத்தாறு வயது.
இரவல் சட்டப் புத்தகம் மூன்று,
இரவல் இல்லாத குரல் ஒன்று.
ரயிலில் அடிபட்ட கன்றுக்குட்டிக்காக
ஒரு விதவையின் பக்கம் நின்று வாதாடி
பதினொரு டாலர் நஷ்டஈடு வாங்கியிருக்கிறார்.
கட்டணம் அரை மூட்டைச் சோளம்.

ஐந்தாம் கோப்பில்
அதே ரயில் கம்பெனிக்கு அவர்தான் வக்கீல்.
நடுவில் என்ன நடந்தது என்பது நான்காம் கோப்பு.
அதைக் கரையான் தின்றுவிட்டது.
கரையானுக்கும் கட்சி உண்டு போல.

பிறகு தேர்தல். மாகாண சபைக்கு இரண்டு முறை ஜெயித்தார்.
பேசியதைப் பத்திரிகை அப்படியே போட்டிருக்கிறது:
"கூலியைப் பிடித்துவைக்கிறவன் காசைத் திருடவில்லை, கனவான்களே,
ஒருவனுடைய செவ்வாய்க்கிழமையைத் திருடுகிறான்."
அடைப்புக்குறிக்குள் கைதட்டல்.
அந்தத் துண்டை மட்டும் இரண்டு முறை ஸ்கேன் செய்தேன்.
ஒன்றுக்குத்தான் காசு.

மூன்றாம் முறை நூற்றுநாற்பது ஓட்டில் தோற்றார்.
தோற்றவருக்குக் கட்சி எதையாவது தர வேண்டும்.
உள்ளூர்ப் பதவிகள் தீர்ந்துபோயிருந்தன.
வரைபடத்தில் யாரும் கேட்காத ஓர் ஊர் மிச்சமிருந்தது.
மஸ்கட்.

இங்கே அவர் எழுதியதெல்லாம் வெயில்.
பேரீச்சம்பழப் பெட்டிகளின் கணக்கு, வெயில்,
கொடி கிழிந்துவிட்டது புதிது அனுப்பவும், வெயில்.
வாஷிங்டன் பதில் போட்டதாகத் தெரியவில்லை.
சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய்
காலியான துறைமுகத்திடம்
பழைய தேர்தல் பேச்சைப் பேசிப் பார்த்தேன் என்று
தங்கைக்கு எழுதுகிறார்.
அதைப் படித்ததும் அவரை எனக்குப் பிடித்துப்போனது.
அவசரப்பட்டுவிட்டேன்.

ஒன்பதாம் கோப்பு, முப்பத்தோராம் தாள்.
அமெரிக்கக் கப்பலொன்றின் சமையற்காரன்,
மதராஸ் பக்கத்தவன்,
பதினொரு மாதக் கூலி பாக்கி என்று
தூதரக வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறான்.
பெயரைக் 'கரூபின்' என்று எழுதியிருக்கிறார் கிரிண்டல்.
கருப்பனா, கருப்பண்ணனா, காரைப்பிள்ளையா?
இந்த மாடியில் அதைச் சரியாக உச்சரிக்கக்கூடிய ஒரே ஆள் நான்.
எனக்கும் தெரியவில்லை.

அடியில் முடிவு. அழகான கையெழுத்து.
"மனுதாரர் வேற்று நாட்டுப் பிரஜை.
விவகாரம் என் அதிகார வரம்புக்கு உட்பட்டதல்ல."
கப்பலில் பறந்தது அவருடைய கொடிதான்.
தேதியைப் பார்த்து என்ன கிழமை என்று தேடினேன்.
வியாழன்.
செவ்வாயாக இருந்திருந்தால்
கவிதை எழுதுகிறவர்களுக்கு வசதியாக இருந்திருக்கும்.

எங்கள் ஏஜென்சி சம்பளம் போட்டு நான்கு மாதம்.
போன வாரம் தொழிலாளர் அலுவலகத்தில்
இருநூற்றுப் பன்னிரண்டாம் டோக்கன் என்னுடையது.
கம்பெனி துபாயில் பதிவானது, அங்கேதான் போக வேண்டும் என்றார்
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.
நல்லவர்தான். தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

ஒவ்வொரு தாளுக்கும் 'பொருள்' என்றொரு கட்டம் உண்டு.
முப்பத்தொன்றுக்கு 'இதர' என்று போட்டுவிட்டு நகரு,
பெட்டி இன்றைக்கே முடிய வேண்டும் என்றாள் சுலைக்கா.
அவளுக்கும் சம்பளம் வரவில்லை.
நான் கூலி பாக்கி என்று அடித்தேன்.
பெயர்க் கட்டத்தில், கிரிண்டலுக்கு முன்னால்,
கருப்பன் என்று தமிழில் அடித்தேன்.
மென்பொருளுக்குத் தமிழ் வராது.
வெற்றுச் சதுரங்களாக வரிசையில் வந்து நின்றன.
சேமிக்கவா என்று கேட்டது.
சேமித்தேன்.

முப்பத்திரண்டாம் தாள்:
வெயில்.