பெறுமதி

சுங்கப் படிவத்தில் ஆறாவது கட்டம்
வெறுமையாய்க் கிடக்கிறது.
பொருள்: சேறு. ஈரமானது.
நீளம்: ஒரு மீற்றர் இருபது, நெடுக்காகக் கீறிய பாதி.
மறுபாதி வளாகத்துக் குளிரூட்டியில்.
அனுப்பும் இடம்: திருகோணமலை.
சேரும் இடம்: நாகப்பட்டினம்.
பெறுமதி?

பூச்சியம் என்று எழுதினேன்.
"பெறுமதி இல்லாததை ஏன் மிஸ் அனுப்புறீங்க?"
திலினி தமிழில் கேட்டாள், சிரிக்காமல்.
கண்ணாடிக்கு வெளியே புள்ளிமான் ஒன்று
பொலித்தீன் பையை மென்றுகொண்டு நின்றது.
இந்த ஊர் அலுவலகங்களில்
அதற்கும் ஒரு வரிசை உண்டு.

சாம்பல்தீவுக் களப்பில்
றிஸ்மியின் தோணியைக் கண்டல் வேரில் கட்டிவிட்டு
மார்பளவு நீரில் குழாயை அடித்து இறக்கினோம்.
"இந்தக் கழியில முதலை இருக்குமா?" என்றாள் எழில்நங்கை.
"களப்பில் இல்லை" என்றேன்.
அங்கே தொடங்கியது.
அவளுக்கு அலையாத்தி, எனக்குக் கண்டல்.
அவளுக்கு ஆய்வகம், எனக்கு ஆய்வுகூடம்.
கூட்டறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்துக்காக
மூன்று இரவு வட்ஸ்அப்பில் மல்லுக்கட்டி
கடைசியில் இரண்டு சொல்லையும்
நடுவே சாய்கோடு போட்டு எழுதினோம்.
துணைவேந்தர்கள் இருவர் ஒப்பமிட்ட
புரிந்துணர்வு உடன்படிக்கை பதினெட்டுப் பக்கம்.
சாய்கோடு பற்றி அதில் ஏதும் இல்லை.

தம்பி முல்லைத்தீவிலிருந்து கேட்டான்:
"அங்காலப் பக்கத்து ஆளோ?"
போன மாசியில் அவன் வலை
இழுவைப்படகுக்குக் கீழே போனது.
எழில்நங்கையின் சித்தப்பா படகு
காரைநகரில் கட்டிக்கிடக்கிறது,
பலகையெல்லாம் சிப்பி.
நான்காம் நாள், சேற்றுக் கையோடு,
இரண்டையும் சொல்லிக்கொண்டோம்.
முதலில் அவள். பிறகு நான்.
அதன்பின் மாலைவரைக்கும்
மாதிரிப் பைகளுக்கு இலக்கம் ஒட்டினோம்,
நாற்பத்தொன்றை இரண்டு தடவை.

குழாயைக் கீறி விரித்தபோது
கறுப்பு. கறுப்பு.
விரல் தடிப்பில் வெண்மணல்,
அது எந்த மார்கழி என்று
றிஸ்மிகூடக் கேட்கவில்லை.
மறுபடி கறுப்பு.
எழுபத்தோராம் சென்ரிமீற்றரில்
நூலளவு இன்னொரு வெள்ளை.
அவள் பேசாமல் கைபேசியை நீட்டினாள்:
இராமேசுவரத்துக்கு மேற்கே
போன வருடம் எடுத்த சேறு.
ஐம்பத்தெட்டில் அதே நூல்.
அறுபத்துநான்கின் புயலாக இருக்கலாம்.
இருக்கலாம் என்றுதான் எழுதவேண்டும்.
ஈயத்தை எண்ணி வயது சொல்லும் இயந்திரம்
அவளிடம் இருக்கிறது, எங்களிடம் இல்லை.
புயல் முதலில் ஏறிய கரை
எங்களிடம் இருக்கிறது, அவளிடம் இல்லை.

அவள் ஊருக்குப் போன பிறகு மின்வெட்டு வந்தது.
கொட்பேயில் ஐஸ் வாங்கி
மீன்பெட்டிக்குள் வைத்துக் காத்தேன்.
இரவில் அங்கிருந்து கேட்பாள்:
"குழந்தைக்குக் காய்ச்சல் எவ்வளவு?"
நாலு பாகை என்பேன். ஏழு இருக்கும்.
படுத்தபின் எழும்பி
திருத்தி அனுப்புவேன்: ஏழு.
உடனே பதில் வரும்,
அவளும் தூங்கியிருக்கமாட்டாள்.
பெட்டியைத் திறந்தால் இன்றைக்கும் சூடை மணக்கிறது.
அதை அறிக்கையில் சேர்க்கவில்லை.

திலினி பேனாவை மேசையில் தட்டுகிறாள்.
பூச்சியத்தை வெட்டுகிறேன்.
பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்கச் சொல்கிறாள், வைக்கிறேன்.
ஒரு ரூபாய் என்று எழுதுகிறேன்.
முத்திரையை உயர்த்தியவள்
அந்தரத்தில் நிறுத்துகிறாள்:
"எந்த நாட்டு ரூபாய்?"

பின்னால் யாரோ இருமுகிறார்கள்.
மான் பையைப் போட்டுவிட்டு
கண்ணாடிக்குள் எட்டிப் பார்க்கிறது,
படிவங்களை.