நின்ற பிறகு

வேலூரில் கத்திரி வெயில்.
ரோட்டுத் தார் செருப்போடு எழுந்து வருகிறது.
மூன்றாம் மாடியில் ஓர் அறையில் மட்டும்
எனக்காகக் குளிர் காய்ச்சுகிறார்கள்.

ஐஸ் பெட்டிக்குள் சுருண்ட செம்புக் குழாய்,
முனையில் ரப்பர் வாய்.
மைனஸ் பன்னிரண்டு, ஈரம் துளியும் இல்லாத காற்று.
மூக்குக்குக் கிளிப் போட்டுவிட்டு
எபனேசர் சார் சொல்கிறார்:
"வாயால மட்டும், மோனிஷா. ஆறு நிமிஷம்."
முந்தின ராத்திரியிலிருந்து டீ கூடாது.
இருப்பதிலேயே கஷ்டம் அதுதான்.

பெல்ட் ஓடுகிறது, நானும் ஓடுகிறேன்.
சுவரில் தொங்கும் தீயணைப்புக் கருவி
ஓரடிகூடப் பின்னால் போகவில்லை.
கண்ணில் வியர்வை, தொண்டையில் பனி.

ஓடும்போது ஒன்றும் ஆகாது.
இதைத்தான் இதுவரை யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை.
ஓடுகிற வரைக்கும் நெஞ்சு என் பக்கம்.
நின்ற பிறகு, மற்றவர்கள் தண்ணீர் குடிக்கும்போது
கட்சி மாறும்.
ராத்திரி லாங்கு பஜாரில்
ஒவ்வொரு கடையாக ஷட்டர் இறங்குவதுபோல்.

"ஊது! ஊது ஊது ஊது, இன்னும், இன்னும், விடாத!"
எங்கள் கோச் லீவு போட்டால் இவரை அழைக்கலாம்.
ஓடும் முன் இரண்டு புள்ளி ஒன்பது லிட்டர்.
நின்று பத்தாம் நிமிடம் ஒன்று புள்ளி ஒன்பது.
ஒரு லிட்டர் எங்கே போச்சு சார்?
"உள்ளதான் மாட்டிகினு கீது," என்றார்,
சிரிக்காமல்.

தை மாதம், திமிரி, ராத்திரி பதினொன்றரை.
இடைவேளை முடிந்து முதல் பாட்டு என்னுடையது.
இருவரைத் தொட்டாயிற்று.
நடுக்கோட்டுக்கு ஒரு கை தூரம்.
கபடி கபடி கப
அவ்வளவுதான் இருந்தது.
விசில்.
ஒருத்தியும் என்னைப் பிடிக்கவில்லை.
விடிந்ததும் ஊரில், "மோனிஷா பயந்துட்டா."

டப்பா மூன்று, வாரத்துக்கு ஒன்று.
ஒன்றில் மருந்தே கிடையாது.
எதில் என்று எனக்கும் தெரியாது, சாருக்கும் தெரியாது.
முதல் வாரம் போன லிட்டரைத்தான் மேலே சொன்னேன்.

இரண்டாம் வாரம் உறிஞ்சி, பத்து எண்ணி விட்டேன்.
ஓடினேன். நின்றேன்.
ஷட்டருக்காகக் காத்திருந்தேன்.
ஐந்து நிமிடம். பத்து. பதினைந்து.
இரண்டு புள்ளி எட்டு.
விரல்கள் மட்டும் லேசாக நடுங்கின,
யாரோ தூரத்தில் பம்பை அடிப்பதுபோல் இதயம்.

சந்தோஷம் வரும் என்று நினைத்தேன்.
கோபம் வந்தது.
கைக்குள் அடங்குகிற இந்தச் சமாச்சாரம்
நான் ஏழாவது படிக்கும்போதும்
ஏதோ ஒரு மெடிக்கலில் தூசி படிந்து கிடந்திருக்கும்.
எனக்குக் கிடைத்தது கற்பூரத் தைலம்,
தூதுவளை, "பொட்டப் புள்ள எதுக்கு ஓடணும்?"
சார் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார்,
வியர்வைக்கு என்று நினைத்து.

மூன்றாம் வாரம் பாதி விழுந்தது, பாதி நின்றது.
"அந்த இரண்டாவது எது சார்?"
"நாப்பது பேரு முடியணும்மா. அப்பதான் கவரைப் பிரிப்பாங்க."
நான் இருபத்தேழு.
கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு வரி:
காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்.
என்னிடம் இப்படி யாரும் பேசியதே இல்லை.
அந்தத் தாளை மடித்து வைத்திருக்கிறேன்.
பக்கத்தில், டாக்டரம்மா எழுதிக் கொடுத்த நீல டப்பா:
ஆட்டத்துக்குக் கால் மணி முன்பு, இரண்டு இழுப்பு.

குடியாத்தம் பஸ், ஜன்னலோரம்.
பாலாற்றுப் பாலம் தொடங்கியதும் வாய்க்குள் ஆரம்பித்தேன்.
அந்தப் பக்கம் விருதம்பட்டு வரை ஒரே மூச்சு.
கபடி கபடி கபடி
நடுப்பாலத்தில் ஒரு லாரி நின்றுபோனது.
பஸ்ஸும் நின்றது. நான் நிற்கவில்லை.
கபடி கபடி
பக்கத்து சீட்டு அக்கா என் உதட்டைப் பார்த்து
மந்திரம் என்று தள்ளி உட்கார்ந்தாள்.
கீழே மணலில் பையன்கள்
செருப்பை ஸ்டம்பாக வைத்து ஆடுகிறார்கள்.
கபடி
டிரைவர் இறங்கிப் பீடி பற்றவைக்கிறார்.
கபடி
லாரி இன்னும் நகரவில்லை.